மச்சான் மாட்டிய பம்ப்

ஊருக்கே சூடு கொடுக்கிறவன் ஜுலுஸ்தான். பெஸ்குயல் கிராமத்துக் கொதிகலன் கூடத்தில் அவன் கரி அள்ளிப் போட்டால்தான் பள்ளிக்கூடத்துக் குழாய் சுடும், ஆஸ்பத்திரிக் குழாய் சுடும், ஊர்த் தலைவர் வீட்டுக் குழாயும் சுடும். அப்பேர்ப்பட்டவன் தன் சொந்த வேனுக்குள் ஏறி உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கும். "ஊருக்கெல்லாம் அடுப்பு மூட்டுறவன் வீட்டுல உலை கொதிக்கலையாம்" என்று கடைவாசலில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், உலகின் வடகோடியில் உறைந்து கிடக்கிற யாகூத்தியாவில் குளிர்காலத்தில் சிரிக்கக் கிடைப்பதே கொஞ்சம்தான்.

வேனின் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று அபாண்டமாகச் சொல்ல முடியாது. செய்தது, ஆனால் தன் இஷ்டத்துக்குச் செய்தது. என்ஜின் சூடேறி வெப்பமானி முள் நடுவுக்கு வந்த பிறகும் ஊதுகிற காற்று சில்லென்றுதான் இருக்கும். நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டே போனால் ஒரு வழியாக இளஞ்சூடு எட்டிப்பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் அதுவும் கோபித்துக்கொண்டு போய்விடும்.

வேறு சமயமாக இருந்தால் இன்னொரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓட்டியிருப்பான். இப்போது அப்படி இருக்க முடியாது. அவன் மனைவி குன்னேய் நவம்பரில் ஏழாம் மாதத்திலேயே பிரசவித்துவிட்டாள். பெண் குழந்தை, ஐயீனா என்று பெயர். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்த உயிரை நகரத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்து, ஜனவரி முடிவதற்குள் ஒரு முழுக் குழந்தையாக்கிவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். கூடவே தலைமை நர்ஸ் மத்ரியோனா ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"வாடகை வேன்ல ஆளோட ஆளா நெருக்கிக்கிட்டுப் போகக் கூடாது. இருமுறவன் தும்முறவன் எல்லாம் அதுலதான் வருவான். சொந்த வண்டியிலதான் போகணும். வண்டி வழி முழுக்க வெதுவெதுன்னு இருக்கணும். பொறுக்கிற உடம்பு இல்ல இது. கை கால் சில்லிட்டுப் போச்சுன்னா மறுபடி இங்கதான் கொண்டு வரணும். அதுவரைக்கும் தாங்குமான்னு என்னைக் கேட்காதே."

ஆகவே ஜுலுஸ்தானுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. ஹீட்டர் ஏன் சூடாக மாட்டேன் என்கிறது?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டு வந்தவன் அவன் மச்சான் போலோத், குன்னேயின் அண்ணன். தொழில் குதிரை வளர்ப்பு. கையில் திருப்புளி கிடைத்துவிட்டால் குதிரைகளை மறந்துவிடுவான். ஊர் ஜீப்புகளுக்கு ஹீட்டர் பம்ப் மாட்டுவதில் அவனுக்கு ஏகப்பட்ட பேர். என்ஜினோடு வருகிற பம்ப் போதாதென்று, சுடுதண்ணீரை ஹீட்டருக்குத் தள்ளுவதற்கென்றே தனியாக ஒரு சின்னக் கரண்ட் பம்ப். அவன் மாட்டிய ஜீப்புகளில் ஏறினால் சட்டைப் பொத்தானைக் கழற்ற வேண்டியிருக்கும். தபால்காரி முதல் கடைக்காரர் வரை எல்லோரும் சாட்சி.

குழந்தை பிறந்த வாரமே அவன் வேனுக்கு அடியில் படுத்துவிட்டான். திறந்தபடி சிக்கி, என்ஜினைச் சூடேறவிடாமல் வைத்திருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டான். அன்றைக்கே கரண்ட் பம்ப்பையும் மாட்டி, டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்சும் அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பச்சை விளக்கும் வைத்தான். "இது என் மருமகளுக்கு மாமன் சீர்" என்றான். பம்ப் 'ங்ங்ங்' என்று முனகியது. முன்பெல்லாம் நடுவுக்கு வராமலே நின்றுவிடும் முள் இப்போது ஒழுங்காக நடுவுக்கு ஏறியது. ஆனால் உள்ளே குளிர் போகவில்லை. நியாயமாகப் பார்த்தால் முன்னைவிட மோசம்.

"குழாயில காத்து அடைச்சிருக்கு மச்சான்" என்றான் போலோத். வேனின் முன்சக்கரங்களைப் பனிக்குவியல் மேல் ஏற்றி நிறுத்திக் காற்றை வெளியேற்றினார்கள். தீரவில்லை. "ஹீட்டருக்குள்ள துரு கட்டியிருக்கு" என்றான். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றிக் கழுவினார்கள். சுத்தமான தண்ணீர்தான் வெளியே வந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை சொருகினார்கள், என்ஜின் மேல் கம்பளி போர்த்தினார்கள். வைத்தியம் ஆக ஆக நோயாளி விறைத்துக்கொண்டுதான் போனான்.

ஒன்றை மட்டும் யாரும் செய்யவில்லை. அந்தப் பச்சை விளக்கை அணைத்துப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு காரணம். முதலாவது ஊர் வழக்கம். குளிர்காலத்தில் அங்கே யாரும் எதையும் அணைப்பதில்லை. கடைக்குப் போனாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கல்யாணத்துக்குப் போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தது மறுபடி பற்றிக்கொள்ளும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? வெயில் வந்த பிறகு அணைத்துக்கொள்ளலாம் என்று வாழ்கிற ஜனங்கள்.

இரண்டாவது காரணம் ஜுலுஸ்தானின் நெஞ்சுக்குள் இருந்தது. நவம்பரில் குன்னேய்க்கு உதிரம் போகத் தொடங்கிய அன்றைக்கு லேனா ஆறு இரண்டுங்கெட்டானாகக் கிடந்தது. படகு போக முடியாத அளவுக்கு உறைந்துவிட்டது, வண்டி போகும் அளவுக்கு உறையவில்லை. பனி மேலும் தண்ணீர் மேலும் மிதந்து போகிற காற்று மெத்தைப் படகு ஒன்றுதான் வழி, அதை ஓட்டுகிறவனோ அன்றைய வேலையை முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். போலோத் அவன் முன்னால் போய் மண்டியிட்டான். யாருக்கும் தலை வணங்காத முரடன், பனியில் மண்டியிட்டு, "என் தங்கச்சிடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். படகு திரும்பக் கிளம்பியது. அக்கரை சேரும்வரை தங்கையின் விறைத்த பாதங்களைத் தன் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜுலுஸ்தான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன். அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரன் மாட்டிய பம்ப்பைச் சந்தேகப்படுவதா? பெற்ற தாயைச் சந்தேகப்படலாம், அதைச் சந்தேகப்பட முடியாது.

நன்றி சொல்லவும் வழியில்லை. ஒரு தடவை வாயெடுத்ததற்கே போலோத், "போடா, நன்றியாம் நன்றி. நான் என்ன சர்க்கார் ஆபீஸா நடத்துறேன்?" என்று எரிந்து விழுந்தான்.

கிளம்ப வேண்டிய நாள் வந்தது. நகரத்தில் குளிர் நாற்பத்தெட்டு. முன்னால் மைனஸ் போட்டுச் சொல்கிற பழக்கம் அங்கே கிடையாது, ஜனவரியில் வேறென்ன இருக்கப்போகிறது. அந்தக் குளிரில் ஒற்றை வண்டியில் யாரும் பயணம் போவதில்லை என்பதால் போலோத்தும் தன் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். வேனைப் போலவே அதுவும் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிதான். தலையில் நரித்தொப்பி, காலில் அவன் மனைவி சர்தானா குதிரைத்தோலில் தைத்த பூட்ஸ், அதற்குள் மூன்று ஜோடி காலுறை.

"காருக்குள்ள எதுக்குய்யா இத்தனை?" என்று கேட்டாள் மத்ரியோனா.

"சர்தானா தைச்ச லட்சணம் அப்படி. மூணு குளிர்காலமா கால் விறைக்குது. கேட்டா, தையல்ல குத்தமில்ல, உன் ரத்தத்துலதான் குத்தம்னு சொல்றா."

நண்பன் ஒருவனின் சூடேற்றிய கொட்டகையில் வேனை முந்தின நாளே ஏற்றிவிட்டிருந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது உள்ளே கதகதப்பாகவே இருந்தது. அந்தச் சூடு தீர்வதற்குள் ஆற்றைத் தாண்டி நெடுஞ்சாலையில் விரட்டிவிடலாம் என்பது ஜுலுஸ்தானின் கணக்கு. மத்ரியோனா உள்ளே கைவிட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். குன்னேய் முயல்தோல் பொதிக்குள் குழந்தையை ஏந்தி, ஜுலுஸ்தானுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். போலோத் தூரத்தில் நின்றே எட்டிப்பார்த்தான். வெளியிலிருந்து வருகிறவன் உடம்பிலுள்ள குளிர் இறங்கும்வரை சிசுவின் பக்கம் போகக் கூடாது. இதுவரை மருமகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்ததோடு சரி.

"பச்சை விளக்கு எரியுதா?" என்று கத்தினான்.

"எரியுது மச்சான்!"

"அப்ப கவலைய விடு!"

நகரத்துச் சாலை முடிந்து வண்டி ஆற்றில் இறங்கியது. உறைந்த லேனாவின் மேல் போட்ட பாதை. அதில் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், வேகமும் கூடாது. பனிக்கட்டிக்கு அடியில் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் பேசாமல் நினைத்துக்கொண்டு ஊர்ந்து போகிற இடம் அது. கொட்டகையில் வாங்கிவந்த சூடு நடு ஆற்றுக்கு வருவதற்குள் தீர்ந்துபோயிற்று. கண்ணாடியின் உட்பக்கம் மூச்சு படிந்து வெள்ளையாகப் பூத்தது. ஜுலுஸ்தான் முயல்தோல் பொதியைத் திரும்பிப் பார்த்தான்.

"குளிருதா அவளுக்கு?"

"மூக்கு நுனி சில்லுன்னு இருக்கு." குன்னேய் தன் கோட்டைத் திறந்து குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "திரும்பிடலாமா?"

"ஆத்து மேல எங்க திரும்புறது? போற தூரமும் வந்த தூரமும் ஒண்ணுதான்."

அப்போது ஐயீனா அழத் தொடங்கினாள். பூனைக்குட்டியின் குரல். குன்னேய் பால் கொடுத்துப் பார்த்தாள், பிடிக்கவில்லை. தட்டிக்கொடுத்தாள், நிற்கவில்லை. பம்ப் 'ங்ங்ங்' என்று முனகிக்கொண்டே இருந்தது.

"அந்தச் சனியனை நிறுத்து."

"எதை?"

"அதான், முனகுதே. பொறந்ததுலேர்ந்து இவ காதுல மிஷின் சத்தத்தைத் தவிர வேறென்ன விழுந்திருக்கு? எனக்கும் தாங்கல. ராத்திரி பகலா கேட்டாச்சு. நிறுத்து."

"பைத்தியமா உனக்கு? இருக்கிற கொஞ்சநஞ்சச் சூடும் அதாலதான் வருது!"

"எந்தச் சூடு? எங்க வருது, காட்டு பார்ப்போம்!"

பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டி ஸ்விட்சைத் தட்டிவிட்டாள். பச்சை விளக்கு அணைந்தது.

"குன்னேய்!" ஜுலுஸ்தான் அலறினான். நாற்பத்தெட்டுக் குளிரில், நடு ஆற்றில், எரிகிற விளக்கை ஒருத்தி அணைக்கிறாள். பிறந்ததிலிருந்து அவன் அப்படியொன்றைக் கண்டதில்லை. மறுபடி போடப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள். பாதையில் ஒரு வெடிப்பு வந்தது, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதைத் தாண்டுவதற்குள் அவன் கணுக்காலில் ஏதோ பட்டது.

சூடான காற்று.

முதலில் நம்பவில்லை. பயத்தில் வியர்க்கிறது என்று நினைத்தான். கையை ஊதுகுழலுக்கு நேரே கொண்டுபோனான். சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அடுப்புப் பக்கத்தில் கை வைத்த மாதிரி ஆயிற்று. கண்ணாடியில் பூத்த வெள்ளை கீழிருந்து உருகத் தொடங்கியது.

"குன்னேய், மறுபடி போடு."

"எதுக்கு?"

"போடேன், சொல்றேன்."

போட்டாள். முனகல் வந்தது, விளக்கு எரிந்தது. சிறிது நேரத்தில் காற்று ஆறிப்போயிற்று. "அணை" என்றான். அணைத்தாள். சூடு திரும்பி வந்தது. இன்னொரு தடவையும் சோதித்தார்கள், சந்தேகத்துக்கே இடமில்லாமல். ஐயீனா அழுகையை விட்டுவிட்டு, தாய் மார்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமாகக் குடிக்க ஆரம்பித்தாள்.

கொதிகலன் கூடத்துக்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "தலைகீழா மாட்டியிருக்கான்" என்றான். "என்ஜின் பம்ப் இந்தப் பக்கம் தள்ளுது, இவன் பம்ப் அந்தப் பக்கம் தள்ளுது. ரெண்டும் முட்டிக்கிட்டு நடுவுல தண்ணி நின்னுபோச்சு. வேகமாப் போனா என்ஜின் ஜெயிக்கும், மெதுவாப் போனா மச்சான் ஜெயிப்பான். வாசல்ல ரெண்டு பேர், ஒருத்தன் உள்ள தள்ளுறான், ஒருத்தன் வெளிய தள்ளுறான். கதவு எப்படித் திறக்கும்?"

குன்னேய் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அழுகையாக மாறியதை அவளே கவனிக்கவில்லை. "காலெல்லாம் சுடுது" என்றாள். "அய்யோ, காலெல்லாம் சுடுது ஜுலுஸ்தான்." அவனுக்கும் கண் நிறைந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் ஆற்றுக்குச் சொன்னான், வண்டிக்குச் சொன்னான், பிடிவாதக்காரியாகப் பிறந்த தன் மனைவிக்கும் மனதுக்குள் சொன்னான்.

அப்புறம்தான் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற போலோத்தின் கார் தெரிந்தது. மகிழ்ச்சி பாதியில் நின்றது.

"உங்க அண்ணன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"அது சீரா கொடுத்ததுடீ. மனசு உடைஞ்சுபோயிடுவான். சொல்லவே வேணாம். வீட்டுக்குப் போய் நானே கமுக்கமாத் திருப்பி மாட்டிக்கிறேன்."

"அவன் காரும் ஜப்பான் கார்தானே? அவனும் ஒண்ணு மாட்டி வச்சிருக்கான் இல்ல?"

ஜுலுஸ்தான் மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் வந்த காரின் முகப்பு முழுதும் வெள்ளை பூத்திருந்தது. ஓட்டுகிறவனுக்கு எதிரே மட்டும் அகப்பை அகலத்துக்குச் சுரண்டிய ஓட்டை. அதற்குள் ஒரு நரித்தொப்பி. மூன்று குளிர்காலமாக அந்த மனிதன் பூட்ஸைத் திட்டிக்கொண்டு, சர்தானாவைத் திட்டிக்கொண்டு, தானே மாட்டிய பம்ப்போடு மல்லுக்கட்டி வருகிறான். இதை மறைப்பது மரியாதையா, துரோகமா?

அக்கரை ஏறியதும் எல்லோரும் நிறுத்துகிற மேட்டில் வேனை நிறுத்தினான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கடந்துவந்த ஆற்றுக்கு ஊர் வழக்கப்படி ஓர் அப்பம் படைக்க வேண்டும், வெண்ணெய் தடவி. போலோத் தன் பையிலிருந்து அப்பத்தை எடுத்துப் பனியில் வைத்து இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தான். புருவத்தில் உறைபனி.

"என்னடா, உங்க கண்ணாடி பளிச்சுனு இருக்கு! பாத்தியா என் பம்ப்போட வேலையை?"

ஜுலுஸ்தான் பின்கதவைக் காட்டினான். "மச்சான், உள்ள வா. விளக்கைப் பாரு."

பின்கதவைத் திறந்து ஏறிய போலோத் முன்னால் எட்டிப்பார்த்தான். விளக்கு எரியவில்லை. வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. வாய் திறந்தபடியே இருந்தது. ஜுலுஸ்தான் ஸ்விட்சைப் போட்டுக் காட்டினான், அணைத்துக் காட்டினான்.

போலோத் இறங்கிப்போய் என்ஜின் மூடியைத் திறந்து, கம்பளியை விலக்கி, பம்ப்பின் மேல் இருந்த அம்புக்குறியைத் தேடினான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்தான்.

"ஜீப்புல தண்ணி உள்ள போற குழாய் இடது கைப்பக்கம் இருக்கும்" என்றான் கடைசியில். "நம்ம ஜீப்புக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த ஜப்பான்காரன் ஸ்டியரிங்கையும் மாத்தி வச்சான், குழாயையும் மாத்தி வச்சிருக்கான். நான் கண்ணை மூடிக்கிட்டு மாட்டினேன். பழகின கை பாரு, கண்ணைத் திறக்கத் தோணல." திடீரென்று தன் காரைத் திரும்பிப் பார்த்தான். "டேய் மச்சான். அப்ப என் கார்?"

"அதையும் அணைச்சுப் பாரு."

போலோத் ஓடினான். காருக்குள் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு வெளியே வந்து நரித்தொப்பியைக் கழற்றினான். நாற்பத்தெட்டுக் குளிரில் வெறுந்தலையோடு நின்றுகொண்டு ஆறு அதிரும்படி கத்தினான்:

"சர்தானா! பூட்ஸ்ல குத்தம் இல்லடீ! மன்னிச்சிரு!"

சர்தானா அறுபது மைல் தள்ளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

திரும்பி வந்து வேனுக்குள் ஏறியவன் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. குரல் இறங்கியிருந்தது. "நான் கொடுத்த சீர் இந்தக் குழந்தையைக் கொன்னிருக்கும் குன்னேய். ஆத்து மேலயே கொன்னிருக்கும்."

"உளறாதே. முன்னால வா" என்றாள் தங்கை. "கையுறையைக் கழட்டு. அந்தக் காத்துல காட்டு கையை."

குதிரை லகான் பிடித்துக் காய்த்துப்போன கைகளைப் போலோத் ஊதுகுழலுக்கு நேரே நீட்டினான். மூவரும் காத்திருந்தார்கள். வெள்ளை விரல்கள் மெல்லச் சிவந்தன. குன்னேய் தொட்டுப் பார்த்தாள், "இன்னும் கொஞ்சம்" என்றாள். மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு, முயல்தோல் பொதியைத் தளர்த்தி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவளின் ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். பாதம் கைக்குள் முழுசாக மறைந்துபோயிற்று.

"சுடுதுடீ" என்றான் போலோத். "இப்பத்தான் சுட்ட அப்பம் மாதிரி சுடுது."

"அன்னைக்கு உன் வயித்துல என் காலும் இப்படித்தான் சுட்டுச்சு அண்ணா."

போலோத் எரிந்து விழவில்லை. இந்தத் தடவை நன்றியை வாங்கிக்கொண்டான். ஜுலுஸ்தான் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தான். மச்சான் அந்தக் காலை விடுவதாக இல்லை.